பூசணிக்காய் ஊரிலிருந்து வந்த தட்டு

என் தம்பி இருக்கும் ஊரில் பார்ப்பதற்கு என்ன உண்டு என்று கேட்டால், முதலில் பூசணிக்காய் என்பான். சீமெந்தில் கட்டிய பூசணிக்காய். இரண்டு ஆள் உயரம். அவுஸ்திரேலியாவின் உள்நாட்டில், பெருந்தெருவிலிருந்து அந்தச் சின்ன ஊருக்குள் திரும்பும் முடக்கில் அது இருக்கிறது. தூர இடங்களுக்குப் போகிறவர்கள் காரை நிறுத்தி, அதோடு நின்று படம் எடுத்து, பக்கத்திலுள்ள கழிப்பறைக்கும் போய்விட்டுத் தங்கள் பாட்டில் போவார்களாம். வெயில் அதன் நிறத்தைத் தின்றுவிடுவதால் வருடாவருடம் பெயின்ற் அடிக்கவேண்டும். அடிக்கிறவர்களில் என் தம்பியும் ஒருவன்.

ஊரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அங்குள்ள பெண்களில் ஒருத்தியாவது யாரையாவது பிடித்து இதை மொழிபெயர்ப்பித்து வாசித்துவிடுவாளோ என்ற பயம். என் தம்பி அவர்களிடம் சொல்லி வைத்திருப்பது ஒன்று, நடந்தது வேறொன்று.

லண்டனில் என்னைத் தெரிந்தவர்களுக்கு என் தம்பி மெல்பேர்ணில் இருந்தான். எங்கள் ஆட்களிடம் இப்படி ஒரு பழக்கம். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரரை எல்லாம் கிட்டவுள்ள பெரிய நகரத்தில் கொண்டுபோய்க் குடியேற்றிவிடுவோம். கனடாவில் எந்த மூலையில் பனி தள்ளிக்கொண்டிருந்தாலும் ரொறன்ரோ. எனக்குக் கல்யாணம் பேசி வந்தபோது என் கணவர் பிராங்பேர்ட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். அவர் இருந்தது ஜெர்மனியில் ஒரு குக்கிராமத்து அகதி முகாமில். பஸ் பிடிக்கவே சோளக்காட்டுக்குள்ளால் நடக்கவேண்டும். பின்னர் இருவரும் லண்டனுக்கு வந்து டூட்டிங்கில் பலசரக்குக் கடை போட்டு, ஓரளவு தலை நிமிர்ந்த பிறகு அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஆனால் என் தம்பியை மெல்பேர்ணில் வைத்ததைப் பற்றி நான் சிரிக்கவில்லை. அந்த ஊரிலிருந்து மெல்பேர்ணுக்குக் காரில் அரை நாள் ஓட வேண்டும்.

ஊரை மறைத்ததற்கு உண்மையான காரணம் அவனுடைய வேலை. அந்த ஊரில் ஒரு பெரிய இறைச்சித் தொழிற்சாலை இருக்கிறது. ஒரு வாசலால் மாடுகள் உள்ளே போகும், மறு வாசலால் பெட்டிகள் வெளியே வரும். தம்பி குளிர் அறையில் பெட்டி அடைக்கிறான். என் கணவர் வீட்டாரோ சுத்த சைவம். விம்பிள்டன் கோவிலில் ஒரு நாள் திருவிழாவைச் செலவு ஏற்று நடத்தும் உபயகாரர். அவர்களிடம் போய் என் தம்பி மாட்டிறைச்சி அடைக்கிறான் என்று எந்த வாயால் சொல்வேன்? “உணவு ஏற்றுமதிக் கொம்பனி” என்று சொன்னேன். சொல்லுக்குச் சொல் பார்த்தால் பொய்யில்லை. லண்டனுக்கு வந்த புதிதில் நான் ஒரு கோழிக்கடையின் பின்பக்கத்தில் நின்று நாள் முழுக்கக் கோழி வெட்டியிருக்கிறேன். அதற்கு ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. லண்டன் என்றால் எல்லாம் சரி.

போன கோடையில் மகளுக்குச் சாமத்தியவீடு வைத்தோம். பெண்பிள்ளை பெரியபிள்ளையானதற்கு ஊரைக் கூட்டி எடுக்கும் விழாவில் தாய்மாமன் இல்லாமல் ஒன்றும் நடக்காது. தேங்காய் உடைப்பதும் அவன்தான், சபைக்கு அழைத்து வருவதும் அவன்தான். எனக்கு இருப்பது ஒரே தம்பி. படகில் அவுஸ்திரேலியா போனவன், விசா இல்லாமல் வருடக்கணக்காக இழுபட்டு, அப்போதுதான் கடவுச்சீட்டு கையில் கிடைத்திருந்தது. முதல் பயணமாக என்னிடம் வந்தான். ஹீத்ரோவில் அவனைக் கண்டபோது நான் அழுதது உண்மை. அழுதபடியே, இவன் வாயை எப்படிக் கட்டுவது என்று யோசித்ததும் உண்மை.

அவன் வாய் அந்தப் பூசணிக்காய் ஊரைத் தவிர வேறு பேசாது. விசா வழக்கு நடந்த காலத்தில் சட்டப்படி வேலை செய்யக்கூடாது என்று வைத்திருந்தார்களாம். பொழுது போகாமல், பழைய ரயில் நிலையத்தில் ஊரின் பழம்பொருட்களை வைத்திருக்கும் நூதனசாலைக்குப் போய்த் தூசி தட்டியிருக்கிறான். அதைத் திறந்து பூட்டுகிறவர் ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரத் தாதி. கிழவி இவனுக்கு இங்கிலிசும் ஊர்ச் சரித்திரமும் ஒன்றாகவே படிப்பித்துவிட்டார். எங்கள் சமையலறையில் வெங்காயம் உரித்தபடி அவன் அதை எனக்கு ஒப்புவித்தான்.

பூசணிக்காய்க்கு முன்னால் அங்கே தங்கம் இருந்ததாம். ஆற்று மணலில் யாரோ ஒருவன் கொஞ்சம் கண்டெடுக்க, சனம் கூடாரமும் கையுமாக வந்து குவிந்தது. சில வருடங்களில் தங்கம் முடிந்தது. “போக வழி இருந்தவை போயிட்டினம் அக்கா. வழியில்லாமல் நிண்டவைதான் ஊர்,” என்று சொல்லி அவனே சிரித்தான். சீனர்கள் ஆற்றோரம் மரக்கறி போட்டார்கள். அந்த மண்ணில்தான் பிறகு பூசணி நன்றாக வந்தது. அதன் பின் ஆடு, கோதுமை, ரயில். ரயிலும் ஒரு நாள் நின்றுபோனது. பெரிய தெரு மாத்திரம் தேர் ஓடுகிற வீதியின் அகலம். நீளமாக மாடுகள் பூட்டிய வண்டிகள் திரும்புவதற்காக அப்படி வெட்டியதாம். மதுச்சாலைச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரத்துக்கு ஒரு கோடு. யுத்தங்களுக்குப் போய்த் திரும்பாத பெடியன்களுக்கு ஒரு மணிக்கூட்டுக் கோபுரம். கோதுமை சேமிக்கிற உயரமான கொள்கலன்களில் யாரோ ஓவியர் வந்து ஆகாயம் முட்டக் கிளிகள் வரைந்திருக்கிறார். மாலையில் உண்மையான வெள்ளைக் கிளிகள் வந்து அதற்கு மேலே இருந்து கத்துமாம்.

“தங்கத்துக்கு முந்தி அங்க ஆர் இருந்தது?” என்று கேட்டேன். பேச்சுக்குத்தான் கேட்டேன். அவன் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தான். எத்தனையோ ஆயிரம் வருடமாக அந்த ஆற்றங்கரையில் இருந்த ஆதிக்குடிகளைப் பற்றி நூதனசாலையில் ஒரு விளக்க அட்டையில் இரண்டு வரிதான் எழுதியிருக்கிறதாம். அதை மாற்றவேண்டும் என்று அவனும் கிழவியும் கூட்டங்களில் சண்டை பிடிக்கிறார்களாம். “நேற்று வந்தவனுக்கு இதில என்ன எண்டு ஒருத்தர் கேட்டவர். அதுதான், நேற்று வந்தபடியால்தான் கண்ணுக்குத் தெரியுது எண்டன்,” என்றான். எனக்கு அவனைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையைச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வைத்துக்கொண்டேன்.

என் கணவரின் அக்கா, அதாவது என் மச்சாள், லண்டனின் மறு கரையில் செவன் கிங்ஸில் இருக்கிறா. எங்கள் வீட்டுக் காரியங்கள் எல்லாவற்றுக்கும் கட்டளைத் தளபதி. விழாவில் சபைக்குக் கொண்டுபோகும் தட்டுகள் பற்றிக் கதைக்க அவ ஒரு பின்னேரம் வந்திருந்தபோது தம்பி போனை எடுத்துப் பூசணிக்காய்ப் படத்தைக் காட்டிவிட்டான்.

“என்ன தம்பி, ஊருக்கே நாவூறு கழிச்சு வைச்சிருக்கினமோ?” என்றா மச்சாள்.

“ஓம் மச்சாள். இன்னும் நடுறோட்டில போட்டு உடைக்கேல்லை, அவ்வளவுதான்.”

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான்தான் சிரிக்கவில்லை. “அது இவன் லீவுக்குப் போற இடம் மச்சாள். பட்டிக்காடு. ஒண்டும் இல்லை,” என்று குறுக்கே விழுந்தேன். தம்பி என்னைப் பார்த்தான். எத்தனை வருடம் கழித்துப் பார்த்தாலும் ஒரு தம்பிக்கு அக்காவின் முகம் விளங்கும். போனைச் சட்டைப் பைக்குள் வைத்தான். அதன் பிறகு மச்சாள் இருக்கும் இடத்தில் அவன் ஊரைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அன்று இரவு சாப்பாடு முடிந்ததும் அவன் பெட்டியைத் திறந்து ஒரு பெரிய தகரப் பேணியை வெளியே எடுத்தான். சாமத்தியவீட்டுக்கு மாமன் வீட்டிலிருந்து தட்டுப் போகவேண்டும் என்பதைக் கிழவியிடம் எப்போதோ சொல்லியிருக்கிறான். இவனுக்குக் கல்யாணமும் ஆகவில்லை, தட்டுப் பிடிக்க வீட்டில் பெண்களும் இல்லை. அப்படியானால் நாங்கள் இருக்கிறோமே என்று ஊர்ப் பெண்கள் இறங்கிவிட்டார்கள். பேணிக்குள் பழக் கேக். ஊரில் வருடாந்தம் நடக்கும் விவசாயக் கண்காட்சியில் பரிசு எடுக்கிற கை சுட்டது. மேலே வெள்ளை ஐசிங்கில், எங்கள் பெடியனின் மருமகளுக்கு என்று இங்கிலிசில் எழுதி, கீழே ஊரின் பெயர். பிறகு பூசணி ஜாம் போத்தல்கள். உள்ளூர் ஆட்டு மயிரில் பின்னிய இள மஞ்சள் சால்வை ஒன்று. தட்டில் விரிப்பதற்கு ஒரு துணி: ஊரின் படம் அச்சடித்து, பார்க்க வேண்டிய இடங்களை எல்லாம் சின்னச் சின்னதாக வரைந்திருந்தார்கள். மணிக்கூட்டுக் கோபுரம், கிளிகள், பூசணிக்காய், ரயில் நிலையம். ஒரு கரையில் இறைச்சித் தொழிற்சாலை. அதன் வாசலில் பூ மாதிரிக் கண்ணோடு ஒரு மாடு சிரித்துக்கொண்டு நின்றது.

“இவையள் இல்லாட்டி நான் எப்பவோ பிளேனில ஏத்தப்பட்டிருப்பன் அக்கா,” என்றான். விசாவை மறுத்தபோது அந்தப் பெண்கள் எழுதாத ஆளில்லை, ஏறாத படியில்லை. “ஒரேயொரு போட்டோதான் கேட்டவை. சபையில தட்டு இருக்கிற மாதிரி. நூதனசாலைச் சுவரில மாட்டப் போகினமாம். ஊரிலயிருந்து ஒரு தட்டு லண்டனுக்குப் போனது எண்டு.” பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்களுக்குக் கரைச்சல் எண்டால் வேண்டாம்,” என்றான்.

“இதென்ன கதை? மாமன் தட்டு முன்னுக்குத்தான் வரும். நானே தூக்குவன்,” என்று சொன்னேன். சொல்லும்போது நம்பித்தான் சொன்னேன்.

விழா நாள் மண்டபத்தின் பின்னறையில் தட்டுகள் வரிசையாக இருந்தன. பயிற்றம் பணியாரம், முறுக்கு, அரியதரம், பூ, சேலை, பழம், மூன்று அடுக்குக் கேக், அன்னம் மாதிரி மடித்த துவாய் என்று கண்ணைப் பறித்தது. தம்பியின் தட்டு ஒரு ஓரத்தில். நான்தான் அதை அடுக்கினேன். துணியை மடித்து மாட்டை உள்ளுக்குத் தள்ளப் பார்த்தேன். மடித்தால் தொழிற்சாலை மறையும், தட்டின் விளிம்பு மூடாது. ஐசிங்கில் இருந்த ஊர்ப் பெயர் வாசலில் நின்று பார்த்தாலே வாசிக்கிற அளவில் இருந்தது. வெளியே நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. மச்சாள் தட்டுகளை எண்ணிக்கொண்டு வந்தா.

“இரட்டை வருகுது,” என்றா.

தட்டு ஒற்றைப்படையில்தான் போகவேண்டும். இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சுற்றி நின்ற பெண்கள் ஆளையாள் பார்த்தார்கள். மச்சாள் என்னிடம் திரும்பி, “எதை எடுக்கிறது? பிள்ளையின்ர தாய் நீர்தானே, நீரே சொல்லும்,” என்றா.

நான் தம்பியின் தட்டைத் தூக்கி ஜன்னல் விளிம்பில் வைத்து, ஒரு மேசைத் துணியால் மூடினேன். அதை எடுக்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை, யாரும் என்னைத் தள்ளவில்லை.

“என்ன இது, அது மாமன் தட்டெல்லோ?” என்று மச்சாள் திடுக்கிட்டா. கிட்ட வந்து துணியைத் தூக்கிப் பார்த்து, “அட, உந்தப் பூசணிக்காய் ஊரில செய்து விட்டிருக்கினமே! என்ன வடிவாய்ச் செய்திருக்கினம்,” என்று சிரித்தா. பிறகு, “பொறும். ஒரு சீப்பு வாழைப்பழத்தை வெறும் தட்டு ஒண்டில வைச்சுக் கூட்டினா ஒற்றை ஆகுது. அதுக்கேன் இதை எடுப்பான்?” என்றா.

எந்த மனிசிக்குப் பயந்து நான் இத்தனை வருடம் தம்பியை மெல்பேர்ணில் வைத்திருந்தேனோ, அந்த மனிசி வாழைப்பழத்துக்குக் கை நீட்டிக்கொண்டு நின்றா. எனக்கு அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. சபையில் இருக்கும் நூற்றுக்கணக்கான கண்களும், அந்தச் சிரிக்கிற மாடும், “உங்கட தம்பி என்ன வேலை?” என்ற கேள்வியும்தான் மனதில் நின்றன. “வேண்டாம் மச்சாள், நேரம் போகுது. ஐயர் கூப்பிடுறார்,” என்றேன். ஐயர் கூப்பிடவில்லை. மச்சாள் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துணியை மெல்ல மூடினா. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இப்போது இதை எழுதும்போதும் கூசுகிறது.

தட்டுகள் போயின. முன்னால் போன தட்டை நான் தூக்கினேன். அதில் கடையில் ஓடர் பண்ணிய ரோசாப் பூக்கள் இருந்தன.

தம்பி வேட்டி சால்வையோடு மேடையில் நின்றான். ஒலிவாங்கியில் அறிவிப்பாளர், “மெல்பேர்ண் மாநகரிலிருந்து வருகை தந்திருக்கும் தாய்மாமன்” என்று முழங்கினார். அப்படி எழுதிக் கொடுத்தது நான்தான். தம்பி சபைக்குக் கைகூப்பினான். தேங்காயை உடைத்தான், இரண்டு பாதியும் சமனாகப் பிளந்தன, எல்லோரும் நல்ல சகுனம் என்றார்கள். பிறகு அவன் கண், மகளை இருத்தியிருந்த மணவறைக்கு முன்னால் இருந்த தட்டுகளில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போனது. திரும்பவும் வந்தது. கையில் போன் இருந்தது. படம் எடுக்கத்தான் பிடித்திருந்தான். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்துவிட்டு, மகளை மட்டும் ஒரு படம் எடுத்தான். நான் வந்தவர்களிடம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

மண்டபத்தைப் பூட்டும் நேரத்தில் அவனே பின்னறைக்குப் போய்த் தட்டை எடுத்து வந்தான். காரில் வரும்போது அது அவன் மடியில் இருந்தது. என் கணவர் வண்டி ஓட்டிக்கொண்டு சாப்பாடு நன்றாக இருந்ததைப் பற்றிப் பேசினார்.

“அவசரத்தில மறந்திட்டியள் போல,” என்றான் தம்பி.

நான் தப்பிப் போக அவனே ஒரு கதவைத் திறந்து விட்டான். நான் வெட்கமில்லாமல் அதற்குள்ளால் போனேன். “ஓமடா, மறந்திட்டன்,” என்றேன்.

அடுத்த நாள் காலை நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்க, தம்பியின் போன் அடித்தது. அங்கே அப்போது பின்னேரம். நூதனசாலையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். திரை முழுக்க நரைத்த தலைகளும் சிவந்த முகங்களும் முண்டியடித்தன. கேக் உடைந்ததா, எப்படிப் போனது, சனம் என்ன சொன்னது என்று ஒரே நேரத்தில் கேட்டார்கள். நான் தண்ணீர்க் குழாயைப் பூட்டினேன். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் நான் செத்தேன் என்று நினைத்தேன்.

தம்பி இங்கிலிசில், அவனுடைய அந்த நீட்டி இழுக்கிற ஊர் இங்கிலிசில், சொன்னான். கேக் உடையவில்லையாம். வந்தவர்கள் எல்லோரும் இது எந்த ஊர் என்று கேட்டார்களாம். முன்னுக்குப் போன தட்டே இதுதானாம். படம் பிடித்தவர் படம் தரக் கொஞ்ச நாள் எடுக்குமாம். என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னான். “என் அக்காதான் தூக்கிக்கொண்டு போனா,” என்றான்.

அக்காவைக் காட்டு, அக்காவைக் காட்டு என்று அந்தப் பக்கம் சத்தம் எழுந்தது. தம்பி போனை என் பக்கம் திருப்பினான். ஈரக் கையை உடுப்பில் துடைத்துவிட்டு வாங்கினேன். நடுவில் இருந்த கிழவி திரைக்கு மிகக் கிட்ட வந்து என்னைப் பார்த்தார். இவனைத் தந்ததற்கு நன்றி என்றார். பிறகு, அந்தக் கேக் நல்ல பாரமாச்சே, தூக்கிக்கொண்டு நடக்கக் கை வலித்திருக்குமே பிள்ளை என்று கேட்டார்.

வலிக்கவில்லை என்றேன்.

அந்த ஊர் எழுந்து நின்று எனக்குக் கை தட்டியது.